மண்டபத்து சர்வரில் ஐபிஎம்ஐ பேச மறுத்தது: டிரைவரில் தொடங்கி களிம்பில் முடிந்த வேலை

மண்டபத்தில் கணவாய், இறால் வாங்கிப் பதப்படுத்தி அனுப்பும் ஒரு கம்பெனிக்கு நான்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். குடியிருப்பது ராமநாதபுரத்தில், நடுவில் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். எடைத் தராசுக் கணக்கு, பில், குளிர் அறை வெப்பநிலைப் பதிவு, கேமரா எல்லாம் அங்கே ஒரே ஒரு ரேக் சர்வரில் ஓடுகின்றன. பழையதாக வாங்கியது, இரண்டு பிராசசர், இரண்டு பவர் சப்ளை, வேலையில் குறை சொல்ல முடியாத மெஷின். அது தொங்கிப்போனால் நான் பைக்கை எடுக்காமல் வீட்டிலிருந்தே அணைத்துப் போட முடிய வேண்டும், ஏசி நின்று அறை சூடேறினால் எனக்கு உடனே எஸ்எம்எஸ் வர வேண்டும். இந்த இரண்டுக்கும் ஐபிஎம்ஐதான் ஆதாரம். இந்த வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில் அது மூன்று நாள் படுத்திய பாட்டை நடந்தபடியே எழுதி வைக்கிறேன், கடலோரத்தில் சர்வர் வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். சர்வரின் மதர்போர்டில் பிஎம்சி என்று தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு. அதற்குத் தனி பிராசசர், தனி மெமரி, தனி நெட்வொர்க் முகவரி. மெஷினை அணைத்தாலும் பவர் கார்டு செருகியிருக்கும் வரை அது விழித்தே இருக்கும். ஃபேன் வேகம், வெப்பம், வோல்டேஜ், பவர் சப்ளையின் நிலை எல்லாம் அதன் பொறுப்பு. அதோடு பேசும் மொழிதான் ஐபிஎம்ஐ. இன்டெல், டெல், எச்பி, என்இசி நான்கும் சேர்ந்து 1998ல் கொண்டுவந்தார்கள், 2.0 பதிப்பு 2004ல் வந்தது. பேசுவதற்கு வாசல் இரண்டு. வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக, யுடிபி 623ஆம் போர்ட்டில் கேட்கலாம். உள்ளிருந்து, அதே மெஷினில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் டிரைவர் வழியாகவும் கேட்கலாம். இரண்டு வாசல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் அதை மறந்துபோய்த்தான் முதல் நாளில் பாதியைத் தொலைத்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருவது மட்டும்தான் சரக்கு, கம்பெனியில் கால்வாசி வேலைகூட இருக்காது. சர்வரில் கை வைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது என்று பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டு, டெபியன் 12 லினக்ஸைப் புதிதாக நிறுவி, டேட்டாவை ஏற்றி, எல்லாம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். வெப்பநிலை ஸ்கிரிப்ட்டை மட்டும் கடைசியாக, ஒரு வாரம் கழித்து வீட்டிலிருந்தே ஏற்றினேன். அன்று சாயங்காலமே எஸ்எம்எஸ்: 'ரீடிங் வரவில்லை'. (அளவு கூடினால் மட்டும் கத்துகிற ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். அளவே வராவிட்டாலும் கத்த வேண்டும். அதுதான் இந்த முறை காப்பாற்றியது.)

எஸ்எஸ்எச் வழியாக வீட்டிலிருந்தே சர்வருக்குள் போய், பிஎம்சியிடம் கேட்கும் கட்டளையான ஐபிஎம்ஐடூலை ஓட்டினால், 'டெவ் அடைவில் ஐபிஎம்ஐ0 என்ற சாதனத்தைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிறது. இது ஐபிஎம்ஐ வேலை செய்கிற எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்த வாசகம்தான். கெர்னலில் இந்த டிரைவர் ஒரே துண்டு இல்லை. நடுவில் செய்திகளைப் பிரித்து அனுப்பும் ஐபிஎம்ஐ_எம்எஸ்ஜிஹேண்ட்லர், கீழே வன்பொருளோடு பேசும் ஐபிஎம்ஐ_எஸ்ஐ, மேலே நம் நிரல்களுக்காக அந்த டெவ் கோப்பை உண்டாக்கித் தரும் ஐபிஎம்ஐ_டெவ்இன்டிஎஃப் என்று மூன்று அடுக்கு. பிஎம்சி எஸ்எம்பஸ் என்ற இரட்டைக் கம்பி இணைப்பில் தொங்குகிற சில மெஷின்களில் எஸ்ஐக்குப் பதில் ஐபிஎம்ஐ_எஸ்எஸ்ஐஎஃப் வேலை செய்யும். பூட் ஆகும்போது கீழ் அடுக்கு தானாக ஏறிவிடும், மேல் அடுக்கு பல நேரம் ஏறாது. பழைய நிறுவலில் அதற்கென்று மாட்யூல்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன், புது நிறுவலில் அந்த வரி இல்லை. சரி, கண்டுபிடித்தாயிற்று என்று, டிரைவரை ஏற்றும் மாட்புரோப் கட்டளையைக் கொடுத்து டெவ்இன்டிஎஃப்பை ஏற்றினேன். பிழை எதுவும் வரவில்லை. கோப்பும் வரவில்லை.

மேல் அடுக்கு ஏறியும் கோப்பு வராவிட்டால் கீழ் அடுக்குக்கு யாரும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கெர்னல் எழுதி வைக்கும் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜில் ஐபிஎம்ஐ என்று தேடினேன். மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ் சொன்ன முகவரியில் எஸ்ஐ போய்ப் பார்த்திருக்கிறது, பார்த்துவிட்டு 'இந்த இடத்தில் பிஎம்சி இருப்பதாகத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு விலகிவிட்டது. முகவரி தப்பாக இருக்குமோ என்று பயாஸின் வன்பொருள் பட்டியலைக் காட்டும் டிஎம்ஐடீகோடில் 38ஆம் வகையைக் கேட்டேன், அங்கேதான் பயாஸ் ஐபிஎம்ஐ பற்றிச் சொல்லி வைத்திருக்கும். கேசிஎஸ் வகை, ஐஓ போர்ட் ஹெக்ஸில் சிஏ2. வழக்கமான முகவரிதான், தப்பு இல்லை.

இந்த இடத்தில் நான் சரியாக யோசித்திருந்தால் அன்றே விடை கிடைத்திருக்கும். கேசிஎஸ் என்பது லினக்ஸும் பிஎம்சியும் பேசிக்கொள்ள மிக எளிய ஏற்பாடு: சிஏ2ல் டேட்டா, சிஏ3ல் கட்டளையும் நிலையும். டிரைவர் செய்கிற முதல் சோதனை, நிலைப் பதிவேட்டை ஒரு தடவை வாசிப்பது. எட்டு பிட்டும் ஒன்றாக, அதாவது ஹெக்ஸில் எஃப்எஃப் என்று வந்தால் அங்கே ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடும், ஏனென்றால் உயிரோடு இருக்கிற பிஎம்சி எட்டையும் ஒரே நேரத்தில் ஒன்றாக வைக்கவே முடியாது, பதில் சொல்ல யாரும் இல்லாத போர்ட்டைப் படித்தால்தான் அப்படி வரும். டிரைவர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுத்தான் 'இல்லை' என்றது. நானோ, புதிதாக நிறுவிய பிறகு வந்த கோளாறு, அப்படியானால் நிறுவலில்தான் கோளாறு என்று மனதில் பதித்துக்கொண்டேன். எஸ்ஐயைக் கழற்றி, வகை கேசிஎஸ், போர்ட் சிஏ2 என்று கையால் கொடுத்து ஏற்றிப் பார்த்தேன். ஏசிபிஐ என்ற பயாஸ் அட்டவணை வழியாகத் தேடுவதை அடைத்துப் பார்த்தேன், பழைய கெர்னலைத் தேடி எடுத்துப் போட்டு ரீபூட் செய்துகூடப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் போனது.

அப்புறம்தான் இரண்டாவது வாசல் ஞாபகம் வந்தது. பில் போடும் கம்ப்யூட்டரில் ரிமோட்டில் புகுந்து அங்கிருந்து பிஎம்சியின் முகவரிக்கு பிங் அடித்தேன். பதில் இல்லை. நெட்வொர்க் வழியாக லேன்பிளஸ் முறையில் ஐபிஎம்ஐடூலை ஓட்டினேன், செஷன் தொடங்க முடியவில்லை என்றது. இதை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து செய்வது முக்கியம். பிஎம்சி தனி போர்ட் இல்லாமல் சர்வரின் நெட்வொர்க் கார்டையே பங்கு போட்டுக்கொள்கிற அமைப்பில், அதே சர்வரிலிருந்து தன் பிஎம்சிக்கு அடித்தால் நன்றாக இருக்கும்போதே பல நேரம் பதில் வராது, அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இங்கே வெளி வாசலும் மூடி, உள் வாசலும் மூடி. அப்படியானால் டிரைவரில் இல்லை, வீட்டுக்காரரே எழுந்திருக்கவில்லை. வெளியில் பதில் வந்து உள்ளே வராமல் இருந்திருந்தால் மட்டும்தான் நான் டிரைவரில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிஷம் ஆகும்.

மறுநாள் காலை மண்டபம் போனேன். மூடியைத் திறந்தால் போர்டில் பிஎம்சிக்கு என்று விநாடிக்கு ஒரு தடவை மினுக்க வேண்டிய குட்டி பச்சை விளக்கு ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தது. மெஷினை முறையாக அணைத்து, இரண்டு பவர் கார்டையும் பிடுங்கி, உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ் வடிய பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றொன்றை விட்டால் பயனில்லை, பிஎம்சி அந்த ஒன்றிலேயே உயிரோடு இருக்கும். ரீபூட்டினாலும் அது ரீபூட் ஆகாது. முந்தின நாள் நான் எத்தனை தடவை ரீபூட் செய்தும் மாறாததற்கு அதுதான் காரணம். மறுபடி செருகியதும் விளக்கு மினுக்க ஆரம்பித்தது, லினக்ஸ் ஏறியது, டிமெஸ்ஜில் 'புதிய பிஎம்சி கிடைத்தது' என்ற வரியும் 'கேசிஎஸ் இடைமுகம் தயார்' என்ற வரியும் அடுத்தடுத்து வந்தன. ஐபிஎம்ஐ0 வந்தது, வெப்பநிலை வந்தது. டெவ்இன்டிஎஃப்புக்கான வரியை மாட்யூல்ஸ்-லோட் அடைவில் எழுதி வைத்தேன்.

எஸ்இஎல் என்கிற நிகழ்வுப் பதிவையும் பார்த்தேன். ஏறக்குறைய நிரம்பியிருந்தது. 'இரண்டாவது பவர் சப்ளை: மின்வரத்து இல்லை', 'வந்துவிட்டது', மறுபடி 'இல்லை' என்று பக்கம் பக்கமாக. தேதிகள் வேறு தாறுமாறாக இருந்தன, போர்டிலிருந்த சிஆர்2032 பேட்டரி மீட்டரில் 2.4 வோல்ட்தான் காட்டியது, மாற்றி நேரத்தைச் சரிசெய்தேன். பதிவைக் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு பிஎம்சியில் அழித்தேன். எடுத்து வைக்காமல் மட்டும் அழிக்கவே கூடாது, அந்தப் பட்டியல்தான் பின்னால் எனக்கு வழி காட்டியது. அந்த நேரத்தில் யூபிஎஸ் மாறி மாறி விழுவதால் இப்படி என்று நினைத்து, எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் யூபிஎஸ்ஸைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன்.

மூன்றாம் நாள் காலை சர்வரே மந்தமாக இருந்தது. எது எவ்வளவு பிராசசரைப் பிடிக்கிறது என்று காட்டும் டாப் போட்டுப் பார்த்தால் கேஐபிஎம்ஐ0 என்ற கெர்னல் திரெட் ஒரு கோர் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. நிறைய பேர் இதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்றே பயந்துவிடுகிறார்கள். பல மெஷின்களில் கேசிஎஸ்ஸுக்கு இன்டரப்ட் கிடையாது, பதில் தயாரா தயாரா என்று கேட்டுக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள்தான் இது. மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுவதால் வழக்கமாக யாரையும் தொந்தரவு செய்யாது. எவ்வளவு மைக்ரோ விநாடி விடாமல் சுற்றலாம் என்று கட்டுப்படுத்த கேஐபிஎம்ஐடி_மேக்ஸ்_பிசி_யூஎஸ் என்று ஓர் அளவுரு இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஸ்ஒய்எஸ் அடைவுக்குள் ஐபிஎம்ஐ_எஸ்ஐயின் பாராமீட்டர்களில் மாற்றலாம். டிரைவரைப் பராமரித்து வரும் கோரி மின்யார்டின் விளக்கக் கோப்பு கெர்னல் மூலத்தோடேயே வருகிறது, இந்த வேலை செய்கிறவர்கள் ஒரு தடவை முழுதாகப் படித்துவிட வேண்டிய கோப்பு. நான் 200 என்று வைத்தேன், கோர் அடங்கியது. ஆனால் காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்ட மாதிரிதான். சென்சார் பட்டியல் கேட்டால் முதல் இருபது வரி சரளமாக வருகிறது, இரண்டாவது பவர் சப்ளை வரியில் வந்து அப்படியே நிற்கிறது, வெகு நேரம் கழித்து 'ரீடிங் இல்லை' என்கிறது, அப்புறம் மீதி வருகிறது. மதியத்துக்குள் பிஎம்சி மறுபடி முழுசாகப் போய்விட்டது.

திரும்பவும் பைக். இந்த முறை நேராக இரண்டாவது பவர் சப்ளையின் தாழைத் தட்டி வெளியே இழுத்தேன். சப்ளையின் பின்பக்கம் நாக்கு மாதிரி ஒரு சர்க்யூட் போர்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் தங்க முலாம் பூசிய விரல்கள் வரிசையாக இருக்கும். அகலமானவை கரண்டுக்கு, ஓரத்தில் மெல்லியதாக இருப்பவை சிக்னலுக்கு. அகல விரல்கள் பளபளவென்று இருந்தன. மெல்லிய விரல்களின் நுனியில், முலாம் தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்த இடங்களில் எல்லாம், கோயில் செம்புக் குடத்தை விளக்காமல் விட்டால் படியுமே அந்த நீலப் பச்சைக் களிம்பு. இரண்டு விரலுக்கு நடுவே வெள்ளையாக உப்புப் பொரி. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது.

மேனேஜர் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, போட்டும் போகல, சரக்கும் இல்ல, ஏசி எதுக்கு ஓடணும்னு நான்தான் ராத்திரியில நிறுத்தச் சொன்னேன். அடைஞ்சு கெடக்குமேன்னு ஜன்னலத் தொறந்து எக்ஸாஸ்ட் ஃபேனப் போட்டு வச்சோம்" என்றார். வாட்ச்மேன் ஐயா கடலுக்குப் போய் வந்த ஆள், அவர் அதோடு சேர்த்துச் சொன்னார்: "கச்சான் அடிக்கிறப்ப ஜன்னலத் தொறந்தா பூட்டே ஒரு மாசத்துல இறுகிப்போகும், இது என்னப்பா, கம்பி."

அவர் சொன்னதில்தான் காரணம் முழுவதும் இருக்கிறது. அந்த ஜன்னல் தெற்கே தென்கடலைப் பார்த்தது. இந்த மாதங்களில் அவர் சொன்ன கச்சான் காற்று அந்தப் பக்கமிருந்துதான் நீர்த்துளியோடு உப்பை அள்ளிக்கொண்டு வரும். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீர் உறிஞ்சிக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட எவ்வளவோ குறைந்த ஈரப்பதத்திலேயே, 33 சதவீதம் அளவிலேயே, கசிய ஆரம்பிக்கும். ஆகவே எங்கள் ஊர்க் காற்றில் படிந்த உப்பு முழுசாகக் காய்வதே இல்லை. மெஷின் ஓடுகிறபோது அதன் ஃபேன்கள் அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க உள்ளே இழுத்துப் பின்பக்கம் தள்ளுகின்றன. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களின் அரிமானத்தைச் சோதிக்க மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதே காற்றுதான் காரணம்.

களிம்பு எப்படி பிஎம்சியை முடக்கும்? பவர் சப்ளைக்குள்ளும் ஒரு சின்னக் கன்ட்ரோலர் இருக்கிறது, பிஎம்பஸ் என்ற முறையில், கடிகாரக் கம்பி ஒன்று, டேட்டா கம்பி ஒன்று என்று இரண்டே கம்பியில் அது பிஎம்சியோடு பேசும். அந்த இரண்டும் மெல்லிய விரல்களில்தான் போகின்றன. ஈரமான உப்பு நடுவில் கசிந்து டேட்டா கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டால் அந்தக் கம்பியில் இருக்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கிற பிஎம்சி லினக்ஸுக்குப் பதில் சொல்லத் தாமதிக்கிறது, லினக்ஸ் பக்கம் கேஐபிஎம்ஐ0 விடாமல் சுற்றுகிறது, கடைசியில் பிஎம்சியின் ஃபர்ம்வேர், அதாவது அதற்குள் ஓடும் மென்பொருள், தொங்கிப்போகிறது. எஸ்இஎல்லில் இருந்த 'மின்வரத்து இல்லை' வரிகளும் பொய்த் தகவல்தான், யூபிஎஸ்ஸில் ஒரு குறையும் இல்லை என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்.

இப்படி ஒரு விளக்கம் மனதுக்குப் பொருந்திவிட்டாலே நம்பிவிடக் கூடாது என்று சோதித்துப் பார்த்தேன். இரண்டாவது சப்ளையை வெளியே வைத்துவிட்டு ஒற்றைச் சப்ளையில் ஓர் இரவு ஓட்டினேன், நிமிஷத்துக்கு ஒரு தடவை சென்சார் வாசிக்க வைத்து. ஒரு வாசிப்பும் தவறவில்லை. காலையில் களிம்போடேயே அதை மறுபடி செருகினேன், மூன்று மணி நேரத்தில் திணறல் ஆரம்பித்தது. இப்போதுதான் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்.

செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், 99 சதவீதம் என்று போட்டது வாங்குங்கள். ஆனால் உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து உப்பை எடுத்தேன், குச்சி வெள்ளையாகவே வரும் வரை. பிறகு மென்மையான பிரஷ்ஷும் ஐபிஏவும். சிலர் பென்சில் ரப்பர் போட்டுத் தேய்ப்பார்கள், நான் செய்ய மாட்டேன்: முலாம் மெல்லியது, தேய்த்த இடத்தில் செம்பு வெளியே வந்தால் அடுத்த களிம்புக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி. சேஸிஸ் பக்கத்துச் சாக்கெட்டின் உள்ளேயும் இதே வேலை, மெஷினின் இரண்டு கார்டையும் பிடுங்கிவிட்டு. பவர் சப்ளையின் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் கார்டைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் வைத்திருக்கும். மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் காய விட்டு மாட்டினேன்.

மாட்டியதும் இரண்டாவது சப்ளையின் வாட் அளவும் வெப்பமும் முதல் வாசிப்பிலேயே வந்தன. முன்பு திணறி நின்ற முழுப் பட்டியல் இப்போது மூன்றே விநாடியில் முடிகிறது. கேஐபிஎம்ஐ0 டாப்பில் கண்ணுக்கே தெரிவதில்லை, 200 என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டேன்.

அதோடு ஸ்கிரிப்ட்டில் ஒரு மாற்றம் செய்தேன். வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், சென்சார் பட்டியல் முழுவதும் வர எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் பதிவு செய்கிறது, பத்து விநாடி தாண்டினால் எஸ்எம்எஸ். பிஎம்சி சாவதற்குப் பல மணி நேரம் முன்பே அது மெதுவாகிறது என்று இந்த மூன்று நாளில் பார்த்துவிட்டேன். பிஎம்சி வெளி வாசலில் பதில் சொல்கிற நிலையில் இருந்தால், நெட்வொர்க் வழியாக 'எம்சி ரீசெட் கோல்ட்' கொடுத்தே அதை மட்டும் தனியாக எழுப்பிவிடலாம், லினக்ஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதற்கான கட்டளையையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்துவிட்டேன். விபிஎன் வழியாகத்தான் போகிறேன். 623ஆம் போர்ட்டை இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள், ஐபிஎம்ஐ 2.0 கடவுச்சொல்லைச் சரிபார்க்கிற முறையே வெளியாள் அதன் ஹேஷை, அதாவது அதிலிருந்து கணக்கிட்ட மறைவடிவத்தை, வாங்கிக்கொண்டு போய் நிதானமாக உடைக்க இடம் தருவது.

ஏசி பற்றி மேனேஜர் அண்ணனிடம் பேசினேன். ராத்திரி முழுக்க ஓடினால் பில் கட்டுப்படி ஆகாது என்றார், நியாயம்தான், தடைக்காலத்தில் வருமானம் இல்லை. கடைசியில், ஜன்னலுக்கு ரப்பர் வைத்து ஒரேயடியாக மூடுவது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையைத் தகடு வைத்து அடைப்பது, ஏசியை 28ல் வைத்து விடாமல் ஓட்டுவது என்று முடிவானது. 28 டிகிரி சர்வருக்குத் தாராளமாகப் போதும், குளிரவைப்பதைவிட வெளிக்காற்றை உள்ளே விடாமல் இருப்பதுதான் இங்கே தேவை. தகடு அடிக்கிற வேலையை வாட்ச்மேன் ஐயாவே செய்தார். போட்டில் ஓட்டை அடைக்கிற மாதிரி ஓரமெல்லாம் எம்-சீல் வைத்து இழைத்து, கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்கினார்.